பாகும் தீயும் – ஒரு பாடமும் சில கேள்விகளும்



நம் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று செயலாளர் கேட்டபோது, "கவிதை எழுத நிறைய பேர் இருக்காங்க, நீ ஏதாவது பாட சம்பந்தமா எழுதுப்பா" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஐந்தாம் செமஸ்டரில் நான் கொடுத்த செமினார் தலைப்பையே எடுத்துக் கொண்டேன். ஆனால் அந்தத் தலைப்பு இப்படி ஒரு இடத்திற்கு என்னைக் கொண்டு போய் நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தலைப்பு இதுதான்: 'நியூட்டன் விதிக்கு அடங்காத திரவங்கள்'.

முதலில் ஒரு சமையலறைச் சம்பவம். போன தீபாவளிக்கு அம்மா அதிரசத்திற்கு வெல்லப் பாகு காய்ச்சிக் கொண்டிருந்தார். கரண்டியைத் தூக்கும்போது ஒரு சொட்டுப் பாகு புறங்கையில் விழுந்தது. கொதிக்கிற தண்ணீர் தெறித்தால் கையை உதறுவோம், வழிந்து போய்விடும். பாகு அப்படி இல்லை. உதறினாலும் போகவில்லை. துடைத்தால் பக்கத்திலும் ஒட்டிக் கொண்டது. ஒரே ஒரு சொட்டு! ஒரு மாதம் ஆகியும் தழும்பு போகவில்லை. விஸ்காசிட்டி என்பதற்கு நம் தமிழ்ப் பாடநூலில் 'பாகுநிலை' என்று போட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையின் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இந்தப் பாகு விஷயம் ஒரு பெரிய போரில் என்ன வேலை செய்தது என்பதே இக்கட்டுரை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எதை எதோடு கலந்தார்கள் என்ற செய்முறை இதில் வராது. அது நமக்குத் தேவையும் இல்லை. யார், எதற்காக, எப்படி அந்த வேலைக்குள் வந்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

1. முதலில் கொஞ்சம் பாடம்

தண்ணீர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் நல்ல பிள்ளைகள். எவ்வளவு விசை கொடுத்து நகர்த்துகிறோமோ அதற்கு நேர் விகிதத்தில் நகரும். வேகமாகக் கலக்கினாலும் மெதுவாகக் கலக்கினாலும் பாகுநிலை மாறாது. இவை நியூட்டன் விதிக்கு அடங்கியவை.

பற்பசையைப் பாருங்கள். டியூபை அமுக்கினால் ஓடி வருகிறது. பிரஷ் மேல் வைத்தால் அசையாமல் நிற்கிறது. சுவருக்கு அடிக்கும் பெயிண்டும் அப்படியே. பிரஷ் இழுக்கும்போது இளகுகிறது. கையை எடுத்ததும் வழியாமல் பிடித்துக் கொள்கிறது. தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்காமல் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தள்ளினால் ஓடு, விட்டால் நில் என்பதே இவற்றின் குணம்.

இப்படி ஓடுகிற, உருமாறுகிற பொருள்களைப் படிக்கும் துறைக்கு 'ரியாலஜி' என்று 1920-ல் பெயர் வைத்தவர் அமெரிக்கரான யூஜின் பிங்ஹாம். 1929-ல் அதற்கென ஒரு சங்கமும் தோன்றியது. பெயிண்ட், கிரீஸ், ரப்பர், மாவு, ரத்தம் என்று அமைதியான விஷயங்களைப் பேசத்தான் அந்தச் சங்கம் தோன்றியது. அடுத்த பத்தாண்டிலேயே உலகப் போர் வந்துவிட்டது.

2. மெல்லிய எண்ணெயில் இருந்த குறை

தீயை ஆயுதமாக்குவது புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டிலேயே பைசாண்டியப் பேரரசு 'கிரேக்கத் தீ' என்ற திரவத்தைப் பகைவர் கப்பல்கள் மீது பீய்ச்சியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் தீ உமிழும் கருவிகளைக் கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்கெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. சாதாரண எண்ணெய் காற்றில் பீய்ச்சும்போது சிதறி, போய்ச் சேரும் முன்பே எரிந்து முடிந்துவிடும். விழுந்த இடத்திலும் வழிந்தோடிவிடும். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தூரம் போகும், விழுந்த இடத்தில் ஒட்டி நின்று எரியும். அம்மா கையில் விழுந்த பாகின் அதே தத்துவம்தான்.

கெட்டியாக்க அன்றைக்குக் கைவசம் இருந்த பொருள் இயற்கை ரப்பர்.

3. ரப்பர் காடு

இந்த இடத்தில் கதை நம் ஊர்ப் பக்கம் வருகிறது.

என் பாட்டிக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம். 1930-களில் மலாயாவுக்குப் போனவர். பால்மரம் சீவும் வேலை. விடியற்காலையிலேயே எழுந்து, மரத்தில் பட்டையைச் சீவி, சொட்டும் பாலைக் கிண்ணத்தில் பிடிப்பது. வருடத்திற்கு இரண்டு கடுதாசி வருமாம். "ரப்பர் காட்டுக்குப் போனவர்" என்றுதான் பாட்டி இன்றும் சொல்வார்; பெயரைச் சொல்வதில்லை. போர் வந்த பிறகு கடுதாசி நின்று போயிற்று.

அவர் காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உலகத்தில் ஓடிய கார்களின் டயருக்கு அவர்கள் சீவிய பாலும் ஒரு காரணம். அமெரிக்கா தனக்குத் தேவையான ரப்பரில் 90 சதவீதத்திற்கும் மேலாகத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான் வாங்கிக் கொண்டிருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அத்தோடு அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து பெரும்பாலும் அற்றுப் போயிற்று. பழைய டயர், ரப்பர் செருப்பு, தோட்டத்துக் குழாய் எதுவானாலும் பெட்ரோல் பங்கில் கொண்டு வந்து கொடுங்கள் என்று 1942 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் மக்களிடம் கேட்க வேண்டி வந்தது. ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் விலை! டயருக்கே ரப்பர் இல்லாதபோது தீக்குண்டுக்கு எங்கே போவது?

தோட்டங்களில் வேலையற்று நின்ற தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. பசியிலும் காலராவிலும் அடியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். பாட்டியின் பெரியப்பா அதில் ஒருவரா, தோட்டத்திலேயே இறந்தாரா, எங்களுக்குத் தகவல் இல்லை.

நான் நூலகத்தில் 'ரப்பர் தட்டுப்பாடு' என்ற இரண்டு சொல்லைப் படித்தபோது அது எனக்கு வெறும் இரண்டு சொல்லாகத் தெரியவில்லை, நண்பர்களே.

4. ஹார்வர்டு ஆய்வுக்கூடம்

1940 ஜூனில் அமெரிக்கா தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் வானெவர் புஷ் ஒரு மின்பொறியியல்காரர். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட் அதில் முக்கியப் பொறுப்பில் இருந்தார், அவர் வேதியியல்காரர். ராணுவம் தன் முகாமில் விஞ்ஞானிகளை அடைக்காமல், பல்கலைக்கழகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஒப்பந்தம் போட்டு வேலையைக் கொடுப்பது என்ற முறை அப்போதுதான் பெரிய அளவில் வந்தது. இன்றைக்கு நாம் 'புராஜெக்ட்' என்று சொல்வதன் பெரிய அண்ணன் அது.

அந்த ஒப்பந்தத்தில் ஒன்று லூயி ஃபீசர் என்ற பேராசிரியரிடம் வந்தது. யார் இவர்? 1899-ல் பிறந்தவர். கரிம வேதியியலில் பெரிய கை. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் 'கே'யை 1939-ல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டியவர். போர்க்காலத்தில் மலேரியா மருந்து தேடியவர். மனைவி மேரி ஃபீசரோடு சேர்ந்து எழுதிய பாடநூல்களைப் பல நாட்டு மாணவர்கள் படித்தார்கள். சினிமாவில் வருகிற பைத்தியக்கார விஞ்ஞானி அல்ல. பிள்ளைகள் விரும்பிய வாத்தியார்.

1941-ல் ஒரு பெயிண்ட் சம்பந்தமான ரசாயனம் வெடித்த விபத்தை ஆராயும் வேலை இவரிடம் வந்தது. உடன் வேலை செய்தவர் ஹெர்ஷ்பெர்க். அந்தத் திரவம் நாளடைவில் பிசின் மாதிரி ஆகி, எரியும்போதும் இளகி ஓடாமல் ஒட்டியபடியே எரிவதைக் கண்டார்கள். விபத்தைத் தடுக்கப் போன இடத்தில் ஆயுத யோசனை பிறந்துவிட்டது! ரப்பர் இல்லாமலே எரிபொருளைக் கெட்டியாக்கலாம் என்ற தேடல் அங்கேதான் தொடங்கியது.

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரியும், கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு வகைப் பொருளால் கெட்டியாக்கியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தூளைத்தான் 1942 தொடக்கத்தில் ஹார்வர்டு குழு கண்டுபிடித்தது. இரண்டு வேதிப் பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து 'நேபாம்' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பெயர் தவறு என்று பிறகு தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

1942 ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம். ஹார்வர்டு கால்பந்து மைதானத்தில் ஆழமில்லாத ஒரு குட்டை அமைத்து, தண்ணீர் நிரப்பி, நடுவில் வைத்து முதல் குண்டை வெடித்துப் பார்த்தார்கள். வெற்றி. மாணவர்கள் பந்து விளையாடுகிற மைதானம் அது. நம் கிரவுண்டை நினைத்துக் கொண்டேன்.

வேடிக்கையும் இல்லாமல் இல்லை. வௌவால்களின் உடம்பில் சின்னத் தீக்குண்டு கட்டி ஜப்பானிய நகரங்களில் விடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அந்தச் சின்னக் குண்டுக்கும் ஃபீசர்தான் பொறுப்பு. 1943-ல் நியூ மெக்சிகோ மாநிலத்துக் கார்ல்ஸ்பாடில் சோதனை நடந்தபோது சில வௌவால்கள் தப்பி, புதிதாகக் கட்டிய விமான நிலையக் கட்டடங்களையே கொளுத்திவிட்டன. பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

5. எரிப்பதற்காகவே கட்டிய வீடுகள்

இனி வரும் பகுதியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1943-ல் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் டக்வே என்ற ராணுவச் சோதனைத் தளத்தில் இரண்டு கிராமங்களைக் கட்டினார்கள். ஒன்று ஜெர்மன் கிராமம், மற்றது ஜப்பானியக் கிராமம். எந்தக் குண்டு எந்த வீட்டை எவ்வளவு நேரத்தில் எரிக்கும் என்று பார்க்கத்தான்.

ஜெர்மன் வீடுகளுக்கு ஆலோசனை சொன்னவர் எரிக் மெண்டல்சோன். ஜெர்மனியில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். யூதர் என்பதால் நாட்டை விட்டு வந்தவர். ஜப்பானிய வீடுகளை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். 1919-ல் ஜப்பானுக்குப் போய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, அந்த மக்களின் வீட்டுக் கலையை நேசித்துக் கற்றவர். எந்த மரம், எந்த அளவு, எந்தப் பாய் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேசித்துக் கற்ற அறிவு எரிப்பதற்குப் பயன்பட்டது. பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த வேலையைப் பற்றித் தனக்குப் பெருமை இல்லை என்று அவர் எழுதினார். போருக்குப் பின் மறுபடியும் ஜப்பான் போய்ப் பல கட்டடங்கள் கட்டினார்.

வீடு மட்டுமல்ல, உள்ளே பாய், மேசை, கட்டில், திரைச்சீலை எல்லாம் அசல் மாதிரியே போட்டார்கள். ஹாலிவுட் ஸ்டுடியோவில் செட் போடுகிற ஆட்களையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். குண்டு போடுவது, நேரம் பார்ப்பது, தீயை அணைப்பது, திரும்பக் கட்டுவது. மறுபடியும் குண்டு. ஆறு நிமிடத்திற்குள் அடக்க முடியாமல் போகும் தீ முதல் வகை. கவனிக்காமல் விட்டால் வீட்டை அழிக்கும் தீ இரண்டாம் வகை. தானாக அடங்கும் தீ மூன்றாம் வகை. மூன்று கட்டம் போட்ட அட்டவணை. நம் லேப் ரெக்கார்டில் போடுகிற மாதிரி ஒழுங்கான அட்டவணை!

அந்த அட்டவணையை நிரப்பியது யார்? ஃபீசரா? இல்லை. ஸ்டாப்வாட்ச் பிடித்தவர், தச்சர், எலக்ட்ரீஷியன், டிராப்ட்ஸ்மேன், டெக்னீஷியன். நம்மைப் போன்றவர்கள்தான் என்று நான் நினைத்துக் கொள்கிறேன். அவர்களில் ஒருவர் பெயரும் நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை.

6. ஓர் இரவு

1945 மார்ச் 9 இரவு, ஜெனரல் கர்டிஸ் லெமே தலைமையில் இருந்த படையின் 300-க்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் டோக்கியோவுக்குக் கிளம்பின. நகரத்தின் மேல் வந்து குண்டு போட்டவை 279. பெரும்பாலும் தீக்குண்டுகள். நள்ளிரவு தாண்டித் தொடங்கிய தாக்குதல் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. அன்று பலமான காற்று. மரமும் காகிதமுமான நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பு. சுமிதா ஆற்றங்கரைப் பகுதி முழுவதும் பற்றிக் கொண்டது. 41 சதுர கிலோமீட்டர் எரிந்தது. இறந்தவர் சுமார் 1,00,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. வீடிழந்தவர் 10 லட்சம். ஆற்றிலும் கால்வாயிலும் குதித்தவர்களும் பிழைக்கவில்லை.

ஹிரோஷிமா எல்லோருக்கும் தெரியும். இந்த இரவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போர் முடிவதற்குள் 60-க்கும் மேற்பட்ட ஜப்பானிய நகரங்கள் இப்படி எரிந்தன. அந்தத் தாக்குதல்களுக்குப் புள்ளிவிவரக் கணக்கு போட்டவர்களில் ஒருவர் ராபர்ட் மக்னமாரா. பிறகு வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானவர். நாங்கள் தோற்றிருந்தால் போர்க் குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டிருப்போம் என்ற பொருளில் 2003-ல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இதைச் சொல்வதால் ஜப்பானிய ராணுவம் நல்லது என்று ஆகிவிடாது. அது நான்ஜிங்கிலும் மணிலாவிலும் சயாம் காட்டிலும் செய்ததை உலகம் அறியும். என் பாட்டியும் அறிவார். ஆனால் டோக்கியோவில் எரிந்த குழந்தை யாருடைய ரயில் பாதையையும் போடச் சொல்லவில்லையே!

7. அதே பாகு, வேறு வேலை

செமினாரில் இந்த இடத்திற்கு வந்தபோது சார் இடைமறித்தார். "சரிப்பா, இதோட நிறுத்தினா பாதிக் கதைதான். இந்த ஆராய்ச்சியில வேற என்ன கிடைச்சுது, அதையும் சொல்லு." தேடிப் பார்த்தேன். ஆச்சரியமான விஷயங்கள் கிடைத்தன.

ஒன்று. இங்கிலாந்திலும் தீ உமிழும் கருவிக்கான கெட்டி எரிபொருளை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வில் பங்கு கொண்டவர் கார்ல் வைசன்பெர்க். நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வந்தவர். சாதாரணத் திரவத்தில் ஒரு கம்பியைச் சுழற்றினால் நடுவில் பள்ளம் விழும். இந்தத் திரவங்களிலோ கம்பியின் மேல் திரவமே ஏறியது! முட்டையின் வெள்ளைக் கருவை அடிக்கும்போது நாமும் பார்க்கலாம். 1947-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். இன்று அவர் பெயரால் வழங்கும் இந்த விளைவு பிளாஸ்டிக் வார்ப்பு படிக்கிறவர்களுக்கு அடிப்படைப் பாடம்.

இரண்டு. கெட்டியாக்கிய பெட்ரோலைக் குழாயில் வேகமாக அனுப்பும்போது, சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைந்த உராய்வோடு போவதைக் கரோல் மைசல்ஸ் என்பவர் போர்க்காலத்தில் கவனித்தார். 1949-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கெட்டியானால் உராய்வு கூடத்தானே வேண்டும்? குறைந்தது எப்படி? வேகமான ஓட்டத்தில் குழாய்க்குள் சின்னச் சின்னச் சுழல்கள் உண்டாகி ஆற்றலைத் தின்கின்றன. இந்தப் பொருள் அந்தச் சுழல்களை அமுக்கிவிடுகிறது. 1948-ல் டாம்ஸ் என்பவர் இங்கிலாந்தில் பாலிமர் கரைசலில் இதையே தனியாகக் கண்டு வெளியிட்டார்.

பயன்? அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979 முதல் இத்தகைய சேர்மானம் கலந்து அதிக எண்ணெய் அனுப்பினார்கள். அதற்கும் மேலாக, 1960-களின் இறுதியில் நியூயார்க் தீயணைப்புத் துறை தண்ணீரில் மிகக் கொஞ்சம் பாலிமர் கலந்து சோதித்தது. மெல்லிய ஹோஸ் குழாயிலேயே தடித்த குழாய் அளவுக்குத் தண்ணீர் போயிற்று. படிக்கட்டில் தூக்கி ஓடவும் சுலபம். தீ வைக்கப் போன ஆராய்ச்சியில் தெரிய வந்த அதே உண்மை தீ அணைக்கவும் உதவியது!

இதைச் சொன்னதும் வகுப்பில் கைதட்டினார்கள். ஆனால் பின் பெஞ்சிலிருந்து ஒரு தோழி எழுந்து கேட்டார்: "அதுக்காக டோக்கியோ சரின்னு ஆயிடுமா?" கைதட்டல் நின்றுவிட்டது. என்னிடம் பதில் இல்லை. ஆகாது என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

8. நேர்முகத் தேர்வு

போருக்குப் பின் இந்த ஆயுதம் ஓயவில்லை. கொரியாவிலும் (1950–53) வியட்நாமிலும் மழையாகப் பொழிந்தது. 1965 முதல் டவ் கெமிக்கல் நிறுவனம் புதிய வகையைத் தயாரித்து ராணுவத்துக்குக் கொடுத்தது. 1967 அக்டோபர் 18 அன்று மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு அந்த நிறுவனத்தார் ஆள் எடுக்க வந்தார்கள். அதாவது, நம் பாஷையில் சொன்னால் கேம்பஸ் இன்டர்வியூ. மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் தடியடியில் பலர் மண்டை உடைந்தது. 1969-ல் ஒப்பந்தப் புள்ளியில் தோற்று அந்த நிறுவனம் தயாரிப்பை விட்டது.

1972 ஜூன் 8-ல் வியட்நாமின் ட்ராங் பாங் கிராமத்தில், தென் வியட்நாம் விமானம் போட்ட குண்டில் உடை எரிந்து, அலறிக்கொண்டு ஓடி வந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அவர் பிழைத்தார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு கனடாவில் குடியேறி, 1997-ல் யுனெஸ்கோ நல்லெண்ணத் தூதரானார்.

1980 அக்டோபர் 10-ல் ஜெனீவாவில் உடன்பாடு கண்டார்கள். குறிப்பிட்ட மரபு ஆயுதங்கள் பற்றிய ஒப்பந்தத்தின் மூன்றாம் நெறிமுறை, தீ ஆயுதங்களைப் பொதுமக்கள் மீது பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. மக்கள் நெருங்கி வாழும் இடத்திலுள்ள ராணுவ இலக்கின் மீதும் விமானத்திலிருந்து போடக் கூடாது. 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1984-லேயே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 2009-ல், சில நிபந்தனைகளோடு. ஓட்டைகளும் உண்டு. வெளிச்சத்திற்கும் புகைக்கும் என்று சொல்லிச் செய்த குண்டு தீ வைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. எரிவது ஒன்றுதான், கணக்கு மட்டும் வேறு!

ஃபீசர் என்ன சொன்னார்? பொருள்களை எரிக்கத்தான் நினைத்தேன், மனிதர் மேல் போடுவார்கள் என்று எண்ணவில்லை என்றார். கண்டுபிடித்தவன் என்பதற்காக அதன் நியாய அநியாயத்தைத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்றார். 1977-ல் காலமானார். அவரை நான் திட்டப் போவதில்லை. ஹிட்லர் உலகத்தை விழுங்கிக் கொண்டிருந்த காலம் அது. ஆனால் வீட்டை எரிக்கிற ஆயுதம் என்று சொல்லும்போதே, வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வரவில்லையா?

இப்போது என் கதை. போன மாதம் ஒரு நிறுவனம் நம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. கடைசிச் சுற்றில் என்னிடம் கேட்டார்கள்: "எந்த டிபார்ட்மென்ட்ல போட்டாலும், எந்த புராடக்ட்னாலும் வேலை செய்வீங்களா?" அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். தங்கை பதினொன்றாம் வகுப்பு. கல்லூரிக் கட்டணத்திற்கு வாங்கிய கடனில் இன்னும் பாதி இருக்கிறது. "செய்வேன் சார்" என்று உடனே சொன்னேன். வேலையும் கிடைத்துவிட்டது.

என்ன தயாரிக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை!

அன்று இரவு ஹாஸ்டலில் நண்பனிடம் சொன்னேன். "டேய், பெயிண்டும் பசையும் செய்யற கம்பெனிடா அது, நீ எதுக்கு இவ்வளவு யோசிக்கிற? நீ செய்யலேன்னா வேற ஒருத்தன் செய்யப் போறான்" என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. பெயிண்ட்தான். ஆனால் ஃபீசர் கதையும் ஒரு பெயிண்ட் விபத்தில்தானே தொடங்கியது?

மறுநாள் சாரிடம் கேட்டேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. "வேலைக்குப் போ. போய் நல்லா வேலை செய். ஆனா மூணு கேள்வியை மட்டும் விடாதே. நான் செய்யறது என்ன? அது எங்கே போகுது? போய்ச் சேர்ற இடத்துல யார் இருக்காங்க? பதில் தெரியாம இருக்கலாம். கேக்காம இருக்கக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதினேன். சேரும் தேதியை உறுதி செய்துவிட்டு, கடைசி வரியில் நான் சேரப்போகும் பிரிவில் தயாராகும் பொருள்களின் பட்டியலை அனுப்ப முடியுமா என்று பணிவுடன் கேட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை நடுங்கியது. இருக்கிற வேலையும் போய்விட்டால்? நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மரச்சாமான் பசை, தரைக்குப் பூசும் பெயிண்ட், குழாய் இணைப்புப் பசை என்று பட்டியல். கீழே ஒரு வரி: கேட்டதற்கு நன்றி, இதுவரை யாரும் கேட்டதில்லை.

நண்பர்களே! எல்லாருக்கும் இப்படிச் சுலபமான பதில் வந்துவிடாது. எனக்கும் அடுத்த முறை வராமல் போகலாம். அப்போது என்ன செய்வேன் என்று இப்போதே வீரவசனம் பேச நான் தயாராக இல்லை. டோக்கியோவில் 2002-ல் பொதுமக்கள் தாங்களே பணம் போட்டு அந்த இரவுக்கு ஒரு நினைவு மையம் திறந்தார்கள். பாட்டியின் பெரியப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது மரத்திலிருந்து சொட்டிய ஒரு கிண்ணம் பால்.

பாகுநிலை என்ற பாடத்தைத் தேர்வுக்காகப் படித்தேன். 75-க்கு 68 வாங்கினேன். கட்டுரையை எழுதி முடித்ததும் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ரப்பரு இல்லாமத்தான் இதெல்லாம் கண்டுபுடிச்சாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெரியப்பாவின் பெயரைச் சொன்னார். நான் முதல் தடவையாக அதைக் கேட்டேன்.

இறுதியாண்டு நண்பர்கள் அனைவருக்கும் வேலை கிடைக்க வாழ்த்துகள். இன்டர்வியூவில் அவர்கள் கேட்டு முடித்ததும், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். தயவுசெய்து, எதையாவது கேளுங்கள்.

– இறுதியாண்டு மாணவன், வேதிப் பொறியியல் துறை